குரக்கன் புட்டு ஏன் கல்லாகிறது?

தமிழ்நாட்டில் கேழ்வரகு, கேப்பை. இலங்கையின் வன்னியில் குரக்கன், சிங்களத்திலும் அதே பேர்தான்.

முதல் வில்லங்கம் மண். தானியத்தை அரித்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவிட்டுத்தான் திரிக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு பதமாக அவித்தாலும் பல்லில் நறநறக்கும்.

குரக்கன் மா 2 சுண்டுக்கு (சுண்டு என்பது அளக்கும் சிறு பேணி) வறுத்த அரிசிமா 1 சுண்டு, அளவாக உப்பு. சுடுதண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் களிதான் வரும். தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறுங்கள். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். குரக்கன் ஆறுதலாக, மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். 5 நிமிடம் மூடி வையுங்கள். அவசரப்பட்டால் புட்டு கல்லாகித் தொண்டையில் விக்கும். பிறகு தகரப் பேணி விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) கலந்து, புட்டு அவிக்கும் ஓலைக் கூடையான நீத்துப்பெட்டியில் அமுக்காமல் போடுங்கள். அமுக்கினால் ஆவி ஏறாது, நடுவில் பச்சை மா நிற்கும். ஆவி மேலே வந்தபின் 10 நிமிடம் போதும்.

எருமைத் தயிரோ மீன் குழம்போ, எதுவும் பொருந்தும். சீனி மட்டும் வேண்டாம், அது குரக்கனின் மணத்தைக் கெடுக்கும்.