கரும்புச் சாம்பலும் நான்கு வெபர் வாய்களும்

ஜூலை 29, வெருளம் (தென்னாப்பிரிக்கா, டர்பனுக்கு வடக்கே)
நேற்றிரவு மேட்டுத் தோட்டத்தில் கரும்பு கொளுத்தியிருக்கிறார்கள். காலையில் பானெட்டின் மேல் விரல் நீளத்துக்குக் கருஞ்சுருள்கள் கிடந்தன. தொட்டதும் பொடியாகி விரலில் ஒட்டிக்கொண்டன. இந்த ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடிவி காரை முன்பு வைத்திருந்தவர் தொழிற்சாலை மாட்டிய காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டதால், காற்றில் பெட்ரோலைக் கலக்கும் இரண்டு வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர்களின் நான்கு வாய்களும் திறந்தே கிடக்கின்றன. ஃபில்டர் பொருத்தாமல் இதை ஜோஹன்னஸ்பர்க்கின் தெற்கே இருக்கும் லெனேசியாவுக்கு ஓட்டிச் செல்ல மாட்டேன்.

ஜூலை 31
ஃபில்டர் பார்சல் வரவில்லை.

ஆகஸ்ட் 2
கம்பி வலை போதும் என்கிறார் அண்ணன். போதவே போதாது. 1962 சி.சி. எஞ்சின் 6,000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,900 லிட்டர் காற்றை இழுக்கும். வலை கூழாங்கல்லைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது. இங்கே விழும் சாம்பலாவது மென்மையானது. ஜோஹன்னஸ்பர்க்கின் தெற்கே ஆகஸ்ட் காற்றில் எழுவது தங்கச் சுரங்க மேடுகளின் தூசி, அரைத்துக் கொட்டிய குவார்ட்ஸ் பாறை. அது எண்ணெய்ப் படலத்தில் கலந்தால் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

ஆகஸ்ட் 4
கோயிலில் ஆடிக் கூழ். வரிசையில் நின்றபோதும் கார்புரேட்டர்களைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6
பார்சல் வந்துவிட்டது: அலுமினிய அடித்தகடு, எண்ணெய் ஊட்டிய ஃபோம் உறை. வாயில் மாட்டிய டிரம்பெட்டின் (காற்று நுழையும் கொம்பு வடிவக் குழல்) விளிம்புக்கும் ஃபோம் சுவருக்கும் இடையே 24 மி.மீ. மட்டுமே இருக்கிறது. குறைந்தது வாயின் விட்டமளவு, அதாவது 40 மி.மீ., இருந்தால்தான் காற்று நாலாபுறமிருந்தும் வளைந்து நுழையும் என்று நான் நம்புகிறேன். ஆழமான உறைக்கு மட்கார்டு இடம் தராது. குட்டை டிரம்பெட் போட்டால் கீழ்ச் சுற்றுகளில் இழுவை சற்று மாறலாம். குட்டையையே போடுகிறேன். மூச்சுத் திணறும் நீளக் குழலால் பயனில்லை.

இன்னொன்று, இதை எவரும் பார்ப்பதில்லை: கார்புரேட்டரின் முகத்தில் வாய்களை ஒட்டி, பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்துக்குக் காற்றுப் போகும் திறப்பு இருக்கிறது. தகட்டோடு வந்த கேஸ்கெட் அதன் மேல் பாதி படிந்து நின்றது. கிண்ணத்துக்கும் வாய்க்கும் ஒரே காற்றழுத்தம் இல்லையென்றால் எந்த ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) போட்டாலும் காற்று-பெட்ரோல் கலவை நிலைக்காது. பிளேடால் வெட்டித் திறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7
டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் ரப்பர் தாங்கியின் கீழ் விளிம்பில் நூலிழை வெடிப்பு.

ஆகஸ்ட் 10
ஆல்ஃபாவில் கார்புரேட்டர்கள் எஞ்சினோடு இறுக்கமாக இல்லாமல் ரப்பரில் தொங்குகின்றன. அதிர்வில் கிண்ணத்துப் பெட்ரோல் நுரைக்காமல் இருக்க அது வேண்டும். தகடும் உறையும் சேர்ந்த எடையை அந்த ரப்பரே சுமந்தால் வெடிப்பு வளரும், வெடிப்பு வழியே வடிகட்டாத காற்று உள்ளே போகும், காற்று கூடிக் கலவையும் மெலியும். புதிய ரப்பர் போட்டு, அடியில் தாங்கு கம்பியும் கொடுத்தாயிற்று. ஒரு நட்டு கழன்றாலும் நேரே எஞ்சினுக்குள் விழும் என்பதால் எல்லாம் நைலான் வளைய நட்டுகள்தாம்.

ஆகஸ்ட் 12
ஆர்102 வழியாக டொங்காட் வரை ஓட்டினேன். அருமை! 3,000 சுற்றுக்கு மேல் தயக்கமே இல்லை. உறிஞ்சும் சத்தம் குறைந்தது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "பாட்டை நிறுத்திட்டியே, தம்பி" என்றார். ஆனால் உறையைக் கழற்றியபோது உட்புறம் பெட்ரோல் ஈரம். வால்வு மூடும்போது எழும் அழுத்த அலை கலவையைத் திருப்பித் துப்புகிறது. அந்த ஈரம் தீப்பிடிக்க ஒரு பின்வெடி (கார்புரேட்டர் வழியே திரும்பி வரும் சுடர்) போதும். தீயணைப்பான் வாங்கி இருக்கைக்கு அருகில் பூட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 13
மறுபடி சாம்பல். இம்முறை உறையின் வெளியே நின்றுவிட்டது. உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது.

ஆகஸ்ட் 15
லெனேசியா ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே பெட்ரோல் விகிதம் கூடிக் கலவை தடித்துப் பிளக்கில் கரி படியும். இப்போதே சிறிய ஜெட் போட்டால் கடல் மட்டத்தில் மெலிந்து எஞ்சின் சூடேறும். ஆகவே வழியிலுள்ள வான் ரீனன் கணவாய் ஏறி முடித்த பிறகே மாற்ற வேண்டும். 125, 120 எண் ஜெட்கள் இரண்டையும் தனித்தனி உறையில் போட்டு எண் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 17
தீயணைப்பான் கிடைத்தது. கையுறைப் பெட்டியில் ஜெட் சாவி, மாற்று கேஸ்கெட், ஃபோம் எண்ணெய் வைத்தாயிற்று. விடியும் முன் புறப்பாடு.