27-ஆம் எண் சட்டை

2023 டிசம்பர் 31 அன்று அமெரிக்கக் கால்பந்து அணியான பால்டிமோர் ரேவன்ஸ், தன் பழைய வீரர் ரே ரைஸை மைதானத்துக்கு அழைத்துக் கௌரவித்தது. 2014-இல் ஒரே நாளில் அவரைக் கழற்றிவிட்ட அதே அணிதான். கூட்டம் கைதட்டியது. இடைப்பட்ட வருடங்களில் அவர், மனைவியாகப் போகிற பெண்ணைத் தான் அடித்ததை ஒளிக்காமல் கல்லூரி வீரர்களிடமெல்லாம் போய்ப் பேசியிருக்கிறார், மனைவியும் கூடவே இருக்கிறார், அதனால் அந்தக் கைதட்டல் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. 2014 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை காலை, எங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மாவிடம் நான் பேசிய சில நிமிடப் பேச்சு. அதில் நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் சொன்னதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ரைஸ் ரேவன்ஸில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் வீரர், சட்டையில் 27-ஆம் எண். 2013-இல் அந்த விளையாட்டின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்ற அணியில் இருந்தவர், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய ஆள். பள்ளிப் பிள்ளைகளைச் சக பிள்ளைகள் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக மேரிலாந்து முழுக்கப் பேசியவர் வேறு. 2014 பிப்ரவரி 15 அன்று அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதி ஒன்றின் லிஃப்டில், கல்யாணம் நிச்சயமான பெண்ணை அடித்தார். நினைவில்லாமல் கிடந்த அவரை லிஃப்டிலிருந்து வெளியே இழுத்துப் போடும் வீடியோ சில நாளிலேயே வந்துவிட்டது. கையால் அடித்து நினைவிழக்கச் செய்தார் என்று போலீஸ் தாளிலேயே இருந்தது. மார்ச்சில் குற்றச்சாட்டு பதிவானது, மறுநாள் இருவருக்கும் கல்யாணம். மே மாதம் அணி நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பில் அந்தப் பெண்ணே தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தார், அணி அதை ட்விட்டரில் எடுத்துப் போட்டது. ஜூலையில் போட்டிகளை நடத்தும் லீக் கொடுத்த தண்டனை இரண்டு ஆட்டத் தடை. அதற்குச் சில நாள் கழித்து மைதானத்தில் ரசிகர்களுக்காகத் திறந்துவிட்ட பயிற்சியில் அவர் இறங்கியபோது ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்கிழமை, லிஃப்டுக்கு உள்ளே நடந்த வீடியோ வெளியானது. அன்று மாலைக்குள் அணி அவரை நீக்கியது, லீக் காலவரையின்றித் தடை போட்டது.

எங்கள் அலுவலகம் பால்டிமோருக்குக் கொஞ்சம் வெளியே. மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம் பார்க்கும் வேலை. ஒரு குழுவுக்கு நான் சூப்பர்வைசர். அந்த ஊரில் சீசன் நேரத்து வெள்ளிக்கிழமை என்றால் ஆபீஸ், ஸ்கூல், பாங்க் எல்லாம் அணியின் நிறமான ஊதாதான். 'பர்ப்பிள் ஃப்ரைடே' என்பார்கள். ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று நானும் ஓர் ஊதாச் சட்டை வாங்கி வைத்திருந்தேன். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை எங்கள் இடைவேளை அறையில் ரைஸைப் பற்றி நடந்த பேச்சை நினைத்துப் பார்க்கிறேன். அவள் முதலில் கை ஓங்கினாளாமே. குடித்திருந்தார்களாம். அவர்கள் வீட்டு விஷயம், நமக்கென்ன. அவளே கட்டிக்கொண்டுவிட்டாளே, அப்புறம் என்ன. இரண்டு ஆட்டம் போகட்டும், மூன்றாவதுக்கு வந்துவிடுவான். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் சொல்லவில்லை. நல்லவன் என்று நம்பியவனைப் பற்றிக் கேட்க வேண்டாத ஒன்றைக் கேட்டால் மனுஷர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் அதே வாய்கள் வேறு பேசின. ஆள் ஆளுக்கு 27-ஆம் எண் சட்டையைக் குப்பையில் போட்டார்கள், எரித்தார்கள். ஊரில் ஒரு பீட்சா கடை, ரைஸ் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் பீட்சா இலவசம், சட்டைக்கு 2 டாலர் 70 சென்ட் வீதம் அடிபட்ட பெண்களுக்கான காப்பகத்துக்கு என்று அறிவித்தது. வியாழக்கிழமை இரவு பிட்ஸ்பர்க்குடன் ஆட்டம். அங்கே 27-ஐப் போட்டுக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள், அதில் பெண்கள் நிறையப் பேர். டிவிக்காரர்கள் அவர்களைத் தேடிப் பிடித்து மைக்கை நீட்டினார்கள்.

மறுநாள் காலை எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு அம்மா 27-ஐப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பால்டிமோரை ஒட்டிய டண்டாக்கில் பிறந்து வளர்ந்தவர், எல்லோரையும் அந்த ஊர் வழக்கப்படி 'ஹன்' என்று செல்லமாகத்தான் கூப்பிடுவார். எங்கள் வேலையில் ஒரு கடிதம் உண்டு, இ.ஓ.பி. என்போம். இன்ன தேதியில் இன்ன டாக்டரிடம் இன்ன சிகிச்சை, நாங்கள் கொடுத்தது இவ்வளவு, நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவு என்று காப்பீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். பெரும்பாலும் அது புருஷன் பெயர். பெண்டாட்டி அவனுக்குத் தெரியாமல் அவசரப் பிரிவுக்குப் போய் அடிபட்டதைக் காட்டியிருந்தால் அந்தக் கடிதம் அவன் கைக்கே போய்ச் சேரும். இதற்காகவே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. தகவல் வெளியே போனால் தனக்கு ஆபத்து என்று அந்தப் பெண் சொன்னால், அவள் சொல்லும் வேறு விலாசத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். சட்டம் சொல்கிறதே தவிர சிஸ்டத்தில் அது ஒரு சின்ன டிக், மறந்தால் மறந்ததுதான். அந்த டிக்கை ஒரு தடவைகூடத் தவறவிடாதவர் இவர். கிளெய்மில் அப்போது வந்த குறியீட்டு எண்களில் 995.81 என்றால் வளர்ந்தவர் மீது தாக்குதல். E967.3, செய்தது கணவர் அல்லது துணைவர். இவை வந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். அந்த அம்மா E880.9-ஐயும் நிறுத்திப் பார்ப்பார். படியில் விழுந்தது. ஒரே பெண் ஒரே வருடத்தில் எத்தனை தடவை படியில் விழுந்திருக்கிறாள் என்று பழைய கிளெய்மைத் திருப்பிப் பார்ப்பார். அதை வைத்து எங்களால் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனாலும் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் முதுகில்தான் அந்த எண்.

பக்கத்து இருக்கைப் பெண், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், என் இடத்துக்கு வந்து, முடிந்தால் இன்று ஒரு நாள் வேறு எங்கேயாவது உட்காரட்டுமா என்று கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் முகமே போதுமானதாக இருந்தது, அல்லது போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவைச் சின்ன மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டேன்.

"இன்று ஒரு நாள் மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள முடியுமா? சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது."

"போன வெள்ளிக்கிழமையும் இதைத்தானே போட்டிருந்தேன்."

"அப்போது அந்த வீடியோ வரவில்லையே."

"லிஃப்டுக்கு வெளியே அவளை இழுத்துப் போட்டது பிப்ரவரியிலேயே வந்ததே, ஹன். உள்ளே அவள் தூங்கிப்போனாள் என்றா நினைத்தாய்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"படியில் விழுந்தாள் என்று வருகிறதே, அதையும் அப்படியே நம்புவாயா நீ? இந்த வேலையில் இருந்துகொண்டு, கண்ணால் பார்த்தால்தான் உனக்குப் புரியுமா?"

அப்புறம், ரைஸின் மனைவியே இன்ஸ்டாகிராமில் எழுதியிருக்கிறாளே, இது எங்கள் வாழ்க்கை, அவர் உழைத்துச் சம்பாதித்ததைப் பிடுங்கிவிட்டார்கள் என்று, அதை யாராவது காதில் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டார். ஜூலையில் எழுந்து நின்று கைதட்டிய கூட்டம்தான் இப்போது சட்டையை எரிக்கிறது, இந்த இரண்டிலும் நான் இல்லை என்றார். சத்தம் போடவே இல்லை. எழுந்து போய் நாற்காலியில் தொங்கிய சாம்பல் நிறக் கார்டிகனை எடுத்துப் போட்டு, கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. ரே ரைஸின் மனைவியை நாங்கள் யாரும் பார்க்கப் போவதில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றது என் குழுவில் வேலை செய்யும் ஒரு பெண். அவள் எட்டு மணி நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டுமா என்பதுதான் என் மேஜைக்கு வந்த கேள்வி. ரசிகர்கள் யோக்கியமா, லீக் யோக்கியமா என்பதெல்லாம் என் வேலை இல்லை. ஹெச்.ஆரிடம் கேட்டிருந்தால் எந்த வீரர் சட்டையும் போடலாம், விதியில் தடை இல்லை என்று கைகழுவியிருப்பார்கள். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். ரைஸ் மனைவியின் பேச்சைப் பற்றியும் எனக்குப் பதில் இருந்தது, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அடி வாங்கியவள் சொல்வது அவளுடைய சொந்தப் பேச்சுதான் என்று எப்படித் தெரியும், இந்த வேலையில் இருந்துகொண்டு நீங்களா இதைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் அதையும் யோசிக்க யோசிக்கச் சரியாக வரவில்லை. அவள் பேச்சு அவளுடையதில்லை என்று தள்ளிவிட்டால், அவளுக்காகப் பேசும் நான் யார்?

செப்டம்பர் 19, 20 தேதிகளில் அணி, மைதானத்தில் ரைஸ் சட்டைகளை வாங்கிக்கொண்டு வேறு வீரர் சட்டை கொடுத்தது. 7,000 பேருக்கும் மேல் வந்தார்கள். வரிசை அவ்வளவு நீளம். எங்கள் ஆபீஸிலிருந்து போனவர்கள் அடுத்த வாரம் புதுச் சட்டையோடு வந்தார்கள், ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள், எந்த எண் எடுத்தாய் என்று கேட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்தபோதுதான் அந்த அம்மா சொன்னதன் பாதி எனக்கு உறைத்தது. நூறு டாலர் சட்டை வீணாகவில்லை, மனசும் சுத்தமாகிவிட்டது, பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை பேசியதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அந்த வாரங்களில் குடும்ப வன்முறை உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் ஏகமாகக் கூடின, ஏன் பிரியாமல் இருந்தேன் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ட்விட்டரில் எழுதினார்கள். வீடியோ வந்ததால் வந்த நன்மை அது, அதை நான் மறுக்க மாட்டேன். பார்த்தால்தான் புரியும் என்பது மனித இயல்பு என்றால், பார்த்த பிறகாவது புரிந்ததே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், நாங்கள் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டிய அந்த சில நொடிகளில் கிடந்தது அவள். ஊர் ஊராக அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்களே, அவளை யார் கேட்டார்கள்?

அந்த அம்மா மாற்றிக்கொள்ளப் போகவில்லை. 27-ஐ மறுபடி போடவும் இல்லை, வேறு எண்ணும் வாங்கவில்லை, வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கார்டிகனோடுதான் வந்தார். என்னோடு பேச்சு வழக்கம்போல் இருந்தது. அவர் வாழ்க்கையில் என்ன நடந்திருக்கும் என்று சிலர் கிசுகிசுத்தார்கள். எனக்குத் தெரியாது, ஊகிக்கவும் மாட்டேன். ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னாலே அதற்குப் பின்னால் ஒரு தழும்பு இருந்தாக வேண்டும் என்று நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

என்னைக் குடைவது இன்னொன்று. அந்தச் சின்னப் பெண் கேட்டது இடம் மாற்றித் தரச் சொல்லித்தான். சட்டையை மறைக்கச் சொல் என்று அவள் கேட்கவே இல்லை. நான்தான் மேலே போனேன். சங்கடப்படுகிறவள் ஏன் எழுந்து போக வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. எங்கள் வேலை முழுக்கவே அதுதானே. அடி வாங்கியவள் தன் கடிதத்துக்கு வேறு விலாசம் கொடுக்க வேண்டும், தன் போன் நம்பரை மாற்ற வேண்டும், தன் துணிமணியைக் கட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போக வேண்டும். அடித்தவனுடைய விலாசம் மட்டும் சிஸ்டத்தில் அப்படியே இருக்கும். அன்றைக்கு ஒரு நாளாவது எழுந்து போகிறவள் அவளாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் அதற்காக நான் எழுந்து நிற்க வைத்தது யாரை? அந்த விலாசங்களை ஒன்றுகூடத் தவறாமல் மாற்றிக் கொடுத்தவரை. அதோடு, மீட்டிங் ரூமிலிருந்து அவர் கார்டிகனை மாட்டிக்கொண்டு வந்ததும் யார் புகார் சொன்னது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் கேட்டபடி வேறு இருக்கையில் போய் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதைத்தான் அவள் விரும்பினாளோ என்னவோ.

அடுத்த வசந்தத்தில் அவள் வேறு வேலை கிடைத்துப் போனாள். கடைசி நாளன்று கேக் வெட்டியபோது முதல் துண்டை அந்த அம்மாவுக்குக் கொடுத்தாள். இருவரும் நெடுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நன்றி சொன்னாள், எதற்கு என்று குறிப்பிடவில்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவளிடம் கேட்டிருக்கலாம், கேட்கத்தான் போனேன். ஆனால் கேட்டால் அவள் ஏன் என்று சொல்ல வேண்டிவரும், சொல்ல விரும்பாததைச் சொல்ல வைக்க எனக்கு உரிமை இல்லை என்று நிறுத்திக்கொண்டேன்.