கல் என்றார், 11 என்று எழுதினேன்

"கோலி பந்த், கப்?" என்று இந்தியில் கேட்டேன், மாத்திரை நிறுத்தம் எப்போது என்று.

"கல்" என்றார் அந்த அம்மா.

இவ்வளவுதான் நடந்தது. ஐந்து வினாடிகூட ஆகியிருக்காது. படிவத்தில் 'நிறுத்திய தேதி' என்ற கட்டத்தில் 11 என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அன்று 12-ஆம் தேதி, திங்கட்கிழமை. மாதங்கள் ஓடிவிட்டன. இரவு டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகு அந்த இரண்டு வரியும் இன்னமும் காதில் வந்து நிற்கின்றன.

அவருடைய கணவருக்குச் சிறுநீரகத்தில் கல். முதுகு வழியாகத் துளையிட்டுக் கல்லை உடைத்து எடுக்கும் பி.சி.என்.எல். ஆபரேஷனை 17-ஆம் தேதி சனிக்கிழமை காலைக்குப் போட்டிருந்தார்கள். ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் தினமும் இரவு க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாத, அதனால் ரத்தத்தை எளிதில் உறையவிடாத மாத்திரை அது. இன்று நிறுத்தினால் நாளை சரியாகிவிடாது. மாத்திரை பட்ட தட்டணு சாகும்வரை அப்படியேதான் இருக்கும், புதிதாக உருவாகி வருபவைதான் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் குறைந்தது 5 நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறோம். கார்டியாலஜியில் கேட்டு, நிறுத்தலாம் என்று எழுதியும் வாங்கியாகிவிட்டது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுவது.

இந்தியில் 'கல்' என்றால் நேற்று. 'கல்' என்றால் நாளையும்தான். இது எனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் மனசு இவ்வளவு அரிக்காது. எனக்கு நன்றாகத் தெரியும். யூராலஜி வார்டுக்கு வந்த முதல் மாதமே பட்டுத் தெரிந்துகொண்டேன். பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ரவுண்ட்ஸ் முடிந்ததும் என்னைப் பார்த்து "கல்? கல்?" என்று கேட்டார். எங்கள் வார்டில் விடிந்தால் அடைந்தால் கல் பற்றித்தான் பேச்சு. "ஆமாங்கய்யா, கல்தான்" என்று சொல்லி, விரலில் அளவுகூடக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துபோனது. சாயங்காலம் பார்த்தால் பையைக் கட்டிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு, மகனுக்குப் போன் போட்டு ரயில் டிக்கெட் எடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு வீட்டுக்கா என்று கேட்டிருக்கிறார், நான் ஆமாம் என்றிருக்கிறேன். பையைத் திரும்பப் பிரித்து வேட்டியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

வங்காளத்துக்காரர்கள் வந்தால் அதே சொல் 'கால்' என்று நீண்டுவிடும். அவர்களுக்கும் அது நேற்று, நாளை இரண்டும். தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் 'கதோகால்', 'ஆகாமிகால்' என்று பிரித்துச் சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் வலியில் இருக்கிறவர் அதையெல்லாம் சேர்த்துச் சொல்ல மாட்டார். "கால் தேக்கே பேதா" என்பார், நேற்றிலிருந்து வலி என்று. புதிதாக வந்த பிள்ளைகள் போர்வையை விலக்கிக் காலைப் பார்ப்பார்கள்.

எங்கள் ஷிப்டில் ஆளுக்கொரு 'கல்' உண்டு. கன்னடக்காரப் பெண்ணுக்குக் 'கல்லு' என்றால் நம் கல்தான். தெலுங்குக்காரிக்குக் 'கல' என்றால் கனவு. கோட்டயத்துச் சேச்சி ஒரே மூச்சில் கல்லையும் கள்ளையும் சொல்லிக் காட்டுவார், நமக்கு இரண்டும் ஏறக்குறைய நம்முடையவைதான். ஜெர்மனிக்குப் போகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி, அங்கே 'கால்' என்றால் மொட்டை என்றாள். ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு வந்த டியூட்டி டாக்டர் சொன்னது எங்களுக்கெல்லாம் புதிது. அங்கே பரிசோதனைச் சீட்டில் 'கல்' என்று எழுதியிருந்தால் மலப் பரிசோதனை. துருக்கியில் 'கல்' என்றால் 'இரு, போகாதே'. இது நான் பிறகு தேடிப் படித்தது. ஃபின்னிஷிலும் எஸ்டோனியனிலும் 'கல' மீனாம். கேஸ் ஷீட்டில் நாங்கள் நாள் தவறாமல் எழுதுகிற 'கால்குலஸ்' லத்தீனில் கூழாங்கல். அதற்கும் நம் கல்லுக்கும் உறவு கிடையாது, ஒலி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம்தான் இப்படித் தேட ஆரம்பித்தேன். இவ்வளவு மொழிகளில் இவ்வளவு அர்த்தம் இருக்கிற சொல்லில் ஒருத்தி தடுக்கி விழுந்தால் அது பெரிய குற்றமா என்று எனக்கே சொல்லிக்கொள்ளத்தான் தேடினேன் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று கல்லும் காலும் மொட்டையும் என்னைக் குழப்பவில்லை. அந்த அம்மா பேசியது இந்தி, நான் கேட்டதும் இந்தி. குழப்பம் அந்த ஒரே மொழிக்குள்ளேயே நடந்தது.

இந்தியின் 'கல்', விடியல் என்று பொருள்படும் 'கல்ய' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று படித்தேன். படித்ததும் கொஞ்சம் மனசு இறங்கியது. இன்றைக்கு அந்தப் பக்கமும் ஒரு விடியல், இந்தப் பக்கமும் ஒரு விடியல். ஜெர்மனில் 'மோர்கன்' என்றால் காலையும் நாளையும். ஸ்பானிஷில் 'மன்யானா'வும் அப்படித்தான். அவற்றையெல்லாம் பேசுகிறவர்கள் தினமும் தவறாமல் ரயிலைப் பிடிக்கிறார்கள், மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். இந்திக்காரர்கள் 'கல்'லில் குழம்புவதே இல்லை. ஏனென்றால் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். 'கல் பந்த் கியா' என்றால் நேற்று நிறுத்தினேன். 'கல் பந்த் கரேங்கே' என்றால் நாளை நிறுத்துவோம்.

என் கேள்வியில் வினைச்சொல்லே இல்லை. மாத்திரை, நிறுத்தம், எப்போது. மூன்று சொல்லை வரிசையாக வைத்தேன். 'நிறுத்தியாச்சா' என்பது என் மனசில் இருந்தது, வாயில் இல்லை. நான் எப்படிக் கேட்டேனோ அப்படியே ஒற்றைச் சொல்லில் அவரும் பதில் சொன்னார். அதை நேற்று ஆக்கியது நான். அதோடு விட்டேனா, தேதியாகவும் மாற்றினேன். 'கல்' என்றே எழுதி வைத்திருந்தால் இந்தி தெரிந்த யாராவது ஒருவர் நின்று யோசித்திருப்பார். 11 என்று எண்ணாகிவிட்டால் யார் யோசிப்பார்கள்? மூன்று பேர் அந்தப் படிவத்தைப் பார்த்து டிக் அடித்தார்கள். 11-லிருந்து 17, ஆறு நாள், தாராளம்.

சனிக்கிழமை காலை தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் கேட்டார். அவருக்கு நல்ல இந்தி. கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டார் என்று முழு வாக்கியமாகக் கேட்டார். "சோம்வார் ராத்" என்றார் அந்த அம்மா. திங்கள் இரவு. ஐந்து நாள் முன்னால் நிறுத்தச் சொன்னோம் இல்லையா, 13, 14, 15, 16, 17 என்று ஆபரேஷன் நாளையும் சேர்த்து விரல்விட்டு எண்ணி, செவ்வாயிலிருந்து நிறுத்தியிருக்கிறார். எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை. நாம் எண்ணுகிற விதம் வேறு, அவ்வளவுதான். டாக்டர் கேஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஞாயிறு தியேட்டர் இல்லை, திங்கள் லிஸ்ட் நிறைந்திருந்தது. செவ்வாய், 20-ஆம் தேதிதான் இடம் கிடைத்தது. லாட்ஜ் வாடகை கூடியது. 21-க்கு எடுத்திருந்த ஹவுரா மெயில் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். இரவு முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த மனிதர் ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்து சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எல்லாரும் சொன்னார்கள். சரிதான். கேட்பதற்கென்று ஒருவர் கடைசியில் நின்றார், கேட்டார், பிடித்தார். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 12-ஆம் தேதி காலையில்தான். அப்போது அந்தத் திங்கள் இரவு மாத்திரை பட்டையிலேயே இருந்தது. "கல்? நேத்தா நாளைக்கா?" என்று கையால் காட்டியிருந்தால்கூடப் போதும். "இன்னைக்கு ராத்திரியே வேண்டாம்மா" என்று சொல்லியிருப்பேன். 17-ஆம் தேதி நடந்திருக்கும்.

இன்சார்ஜ் சிஸ்டர் விசாரித்தார். அவர் கெட்டவர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "சிஸ்டர் கேட்டப்போ 'கல்'னு சொன்னீங்களா?" என்று கேட்டார். "ஹான், கல் ஹீ போலா தா." ஆமாம், கல் என்றுதான் சொன்னேன். இன்சார்ஜ் என் பக்கம் திரும்பி, "பாரு, அவங்களே ஒத்துக்கிறாங்க" என்றார். கேஸ் ஷீட்டில், நோயாளி தரப்பு தவறான தகவல் கொடுத்ததால் ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதப்பட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்தி ஹோ கயீ, சிஸ்டர்" என்றார். தப்பு நடந்துபோச்சு என்று. என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று பல பதில்கள் வைத்திருக்கிறேன். அன்று இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்தேன். எனக்கு யாரும் இந்தி சொல்லிக்கொடுக்கவில்லை, கட்டில் கட்டிலாக நோயாளிகளிடம் பொறுக்கியதுதான். மொழிபெயர்க்க ஆள் வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. எல்லாமே உண்மை. ஆனால் அந்த நிமிஷம் இவற்றில் ஒன்றும் என் நினைவில் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அந்த வரி என் பெயரில் விழாமல் அவர் பெயரில் விழுந்ததே என்ற நிம்மதியும் இருந்தது. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். 500 மில்லிக்கு மேல் ரத்தம் போகக்கூடுமா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் ஒரே மொழியா என்ற கேள்வி இல்லை. 1980-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், 18 வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிய கியூபக் குடும்பம் 'இன்டாக்சிகாதோ' என்றது. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் சொன்னதைப் போதைப்பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ரத்தக்கசிவு இருந்ததை நேரத்தில் கவனிக்கவில்லை. கைகால் நான்கும் செயலற்றுப் போய்விட்டன. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு எழுதியவர்களும் தெரிந்த சொல் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

20-ஆம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. 23-ஆம் தேதி டிஸ்சார்ஜ். ஃபைலை அடுக்கும்போது அந்தப் பக்கம் என் கைக்கு வந்தது. தேதியும் நேரமும் போட்டு, பிற்பாடு சேர்த்த குறிப்பு என்று ஒரு வரி எழுத விதி இடம் கொடுக்கிறது. பேனா பாக்கெட்டில்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பி நூலைக் கட்டிவிட்டேன்.

அப்புறம் அந்த அம்மாவுக்கு மாத்திரை விளக்க உட்கார்ந்தேன். க்ளோபிடோக்ரெல்லை மறுநாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இந்த முறை சுவரிலிருந்த தினசரி காலண்டரை விட்டு, கட்டம் கட்டமாக இருக்கும் மாதக் காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 24-இல் விரலை வைத்தேன். பட்டையைக் காட்டி, பழக்கத்தில் தமிழ் வந்துவிட்டது: "ஒரு நாளைக்கு ஒண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு?" என்று கேட்டார். பத்து நாளில் டீக்கடையிலும் லாட்ஜிலும் பொறுக்கிய தமிழ். சுத்தமாகத்தான் உச்சரித்தார். நாளைக்கு ஒன்று, அத்தோடு சரியா என்பது அவர் கேள்வி. முப்பது வருஷமாக நான் பேசுகிற சொல். அதற்குள் இரண்டு இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

பதில் சொல்லாமல் என் விரலை 24-லிருந்து 25-க்கும், 26-க்கும் நகர்த்தினேன். அவருக்குப் புரிந்தது. தன் விரலை வைத்து, "ஏக், ஏக், ஏக்" என்று கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டு மாதக் கடைசிவரை போனார். பட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து, இந்தத் தடவை தப்பு நடக்காது சிஸ்டர் என்று இந்தியில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.