பெடலை விட்ட பிறகும் பிரேக் விடவில்லையா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் முன்சக்கரம் இறுகி நின்றால் பலரும் நேராக காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழற்றிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். காரை ஸ்டாண்டில் ஏற்றி, பிரேக் பெடலை ஒருமுறை அழுத்திவிட்டுக் காலை எடுங்கள். சக்கரம் சுற்றாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) வரும் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலேதான்: பெடலை சிலிண்டரோடு இணைக்கும் புஷ்ராடில் ப்ளே (சிறு இடைவெளி) இல்லை, அல்லது ஆயில் திரும்பும் சின்னத் துளை அடைத்திருக்கிறது.

விடவில்லையா? நட்டை இறுக்கிவிட்டு காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் ப்ளீட் நிப்பிளைத் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் லேசானால் ரப்பர் ஹோஸ்தான் குற்றவாளி. உள்சுவர் உப்பியிருக்கும், கால் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், அதை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். செம்பு வாஷர் இருந்தால் அதுவும் புதிது. நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் போகாவிட்டால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். குழி விழுந்த பிஸ்டனைத் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

பெடல் ஆழமாகப் போனால் முதலில் பின் டிரம் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பிறகுதான் ப்ளீடிங், அதாவது ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றுவது. அப்போது பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் துருப்பிடித்த அடிப்பகுதி சீலைக் கிழித்துவிடும். டாட் 4 வகை பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ டாட் 4-ஓடு கலக்கவே கூடாது.