வண்டலூர் ஹெரால்டு

அம்பாசடர் வாங்க அப்பா ஒப்புக்கொண்டதே இல்லை. “மெட்ராஸ்லயே கார் செய்யறான், கல்கத்தா வண்டி எதுக்கு?” என்பார். அப்படித்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான், ஆனால் வண்டலூர் ஆலையில் தயாரானது. எங்களுடையது நான்கு கதவு மார்க் 3. பிரிட்டன்காரர்களுக்கே அது கிடைக்கவில்லை!

பானட்டைத் திறப்பது எனக்குத் திருவிழா. இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து பிளக் கழற்றலாம். 948 சிசி எஞ்சின், வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் சந்துக்குள் ஆட்டோ மாதிரி திரும்பும்.

அப்புறம் ஸ்டாண்டர்டு கம்பெனியின் அடுத்த கார், கெஸல் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1985ல் ஸ்டாண்டர்டு 2000: பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்புக்குள் பழைய வான்கார்ட் கார் வழி வந்த எஞ்சின். அழகான கார்தான், மறுக்கவில்லை. ஆனால் மாருதி 800 ஓடத் தொடங்கிய ஊரில் அவ்வளவு பெட்ரோலுக்கு யார் அழுவது? 1988ல் உற்பத்தி நின்றது, ஆலையும் மூடியது.

ஹெரால்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை. ரிப்பேருக்கு, அந்த ஆலையில் வேலை பார்த்துவிட்டுத் தாம்பரத்தில் ஷெட் போட்ட ஒருவர். கார்புரேட்டரில் அவர் கை பட்டால்தான் அப்பாவுக்குத் திருப்தி. மாருதியை மட்டும் அவர் தொடமாட்டார். “கை வைக்க அதுல என்ன சார் இருக்கு?” என்பார்.