காவ்காவ் கேள்வித்தாளை வைத்து இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷன் பழகலாம்

சேலத்தில் பேங்க் எக்ஸாமுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதுகிற கியூட் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். காம்ப்ரிஹென்ஷன் பயிற்சிக்கு இப்போதெல்லாம் நான் அதிகம் எடுப்பது சீனாவின் காவ்காவ் கேள்வித்தாள்களைத்தான். "சைனா பேப்பரைப் படிச்சு நம்ம பசங்களுக்கு என்னங்க ஆகப் போகுது" என்று கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். அவர்களுக்காகவும், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பேசேஜைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிடுகிற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நம்ம பிளஸ் டூ அளவுக்குப் படித்த சீனப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக எழுதுகிற தேசியத் தேர்வுதான் காவ்காவ். கலாச்சாரப் புரட்சி காலத்தில் நின்றுபோய் 1977இல் மறுபடி தொடங்கியது. 2024இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். இங்கிலீஷுக்கு 150 மார்க், இரண்டு மணி நேரம். இப்போது பல மாகாணங்களில் நடக்கிற புதிய முறைத் தாளில் நாலு பேசேஜ், அவற்றுக்கு 15 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மார்க். அதே தாளில் கோடிட்ட இடம் நிரப்புகிற குளோஸ் பகுதியில் ஒரு கேள்விக்கு ஒரு மார்க்தான். அதாவது பேசேஜில் ஒரு கேள்வியை விட்டால் குளோஸில் இரண்டரைக் கேள்வியை விட்ட மாதிரி. சீன ஆசிரியர்கள் வாசிப்புப் பகுதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், அந்த பேசேஜ்கள் ஏறக்குறைய 3000 சொற்கள் கொண்ட பாடத்திட்டப் பட்டியலுக்குள் எழுதப்பட்டவை. பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் வந்து, அது தெரியாமல் கதை நகராது என்றால், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீன மொழியில் அர்த்தம் போட்டுவிடுவார்கள். நான் அந்த இடத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் "எனக்கு வொக்காபுலரி இல்லை மிஸ்" என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதியிருப்பதை ஒழுங்காக வாசிக்கிறாயா என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி.

எந்த ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தாலும், அதைச் சொல்கிற வரியின் மேல் விரலை வைத்துக் காட்ட வேண்டும். என் வகுப்பில் இது ஒன்றுதான் கண்டிப்பு. காவ்காவ் மாதிரியிலேயே நானே எழுதிய ஒரு சின்னப் பயிற்சியைச் சொல்கிறேன், இங்கே தமிழில். "ஏற்காட்டில் காபிச் செடிக்கு நிழலுக்காக சில்வர் ஓக் நடுகிறார்கள். சில தோட்டக்காரர்கள் அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினார்கள். காபி விலை சரிந்த வருடங்களில் அவர்களுக்கு மிளகு கைகொடுத்தது." இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்று, காபியைவிட மிளகில்தான் லாபம். இரண்டு, ஏற்காட்டுத் தோட்டங்கள் எல்லாம் மிளகுக்கு மாறிவிட்டன. மூன்று, மிளகுக்கு நிழல் தரத்தான் சில்வர் ஓக் நட்டார்கள். நான்கு, இன்னொரு பயிர் இருந்ததால் சிலர் மோசமான வருடங்களைச் சமாளித்தார்கள்.

நல்லாப் படிக்கிற ஒரு பெண், யோசிக்காமல் ஒன்று என்றாள். "எங்க மாமாவுக்கு மேல தோட்டம் இருக்குதுங்க மிஸ், மிளகுலதான் காசுன்னு அவரே சொல்லுவாருங்க." மாமா சொன்னது சரியாகவே இருக்கட்டும் கண்ணு, அதைச் சொல்கிற வரி இதில் எங்கே என்று கேட்டேன். விரலை வைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் தேடினாள். இரண்டையும் ஒப்பிட்டு எந்த வரியும் பேசவில்லை. உலகத்தில் உண்மையாக இருப்பதும் பேசேஜில் இருப்பதும் வேறு வேறு என்பதை எத்தனை தடவை வாயால் சொன்னாலும் ஏறாது, இப்படி ஒரு தடவை தேடிப் பார்த்தால்தான் ஏறும். விஷயம் தெரிந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

மற்ற இரண்டு தப்பும் காவ்காவ் ஆசிரியர்கள் பெயர் வைத்தே சொல்லித் தருகிற வகை. "சில" என்பதை "எல்லாம்" ஆக்குவது ஒன்று. ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குப் பொருத்துவது இன்னொன்று; சாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது என்பார்கள். மூன்றாவது ஆப்ஷனைப் பாருங்கள், நிழல், சில்வர் ஓக், மிளகு எல்லாமே பேசேஜில் இருக்கிற சொற்கள், உறவு மட்டும் மாறியிருக்கிறது. சரியான நான்காவதில் "இன்னொரு பயிர்", "மோசமான வருடங்கள்", "சமாளித்தார்கள்" எதுவுமே பேசேஜில் இல்லை, ஆனால் அர்த்தம் அப்படியே இருக்கிறது. சொல் ஒத்துப்போவதைப் பார்த்து டிக் அடிக்கிற பழக்கத்தை உடைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

"ஆல், நெவர், ஒன்லி வந்தா அந்த ஆப்ஷன் தப்பு" என்று கோச்சிங்கில் சொல்லித் தருவார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. பேசேஜே "ஒன்லி" என்று சொல்லியிருந்தால் சரியான விடையிலும் அது வரும். அந்தச் சொல்லைப் பார்த்தால் திரும்பிப் போய் வரியைச் சரிபார், அவ்வளவுதான்.

கேள்வியை முதலில் படிப்பதா, பேசேஜையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எது எந்த பேசேஜ் என்பதைப் பொறுத்தது. காவ்காவில் நாலு பேசேஜுக்கும் ஏ, பி, சி, டி என்று பெயர். ஏ பெரும்பாலும் மியூசியம் நேரம், கோர்ஸ் விவரம், சுற்றுலா அறிவிப்பு மாதிரி இருக்கும். அதை முழுக்கப் படிப்பது நேரத்துக்குக் கேடு. கேள்வியைப் படித்துவிட்டு நேராக அந்தக் கட்டத்துக்குப் போங்கள். பி பெரும்பாலும் ஒரு மனிதரின் கதை, முதலில் என்ன நினைத்தார், கடைசியில் எப்படி மாறினார் என்பதைப் பிடித்தால் போதும். சி, டி இரண்டும் அறிவியல், ஆராய்ச்சி, சமூகம் என்று போகும். அங்கே கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு வேட்டையாடினால் சிக்காது, ஏனென்றால் இந்தப் பத்தியின் வேலை என்ன, ஆசிரியரின் நிலைப்பாடு என்ன, எந்த டைட்டில் பொருந்தும் என்றுதான் கேட்பார்கள். முதல் பத்தி, ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, "பட்", "ஹவெவர்" வருகிற இடம், கடைசிப் பத்தி, இவற்றை நிதானமாகப் படிக்கணும். பல ஆராய்ச்சி பேசேஜ்களில் முதல் இரண்டு வரி பழைய நம்பிக்கையைச் சொல்லும், "பட்"டுக்கு அப்புறம்தான் விஷயமே வரும். முதல் இரண்டு வரியோடு நின்று டைட்டில் போடுகிறவர்கள் நேர் எதிரான ஆப்ஷனில் போய் விழுகிறார்கள்.

கேள்விகள் பெரும்பாலும் பேசேஜின் வரிசையிலேயே வரும். இரண்டாம் கேள்விக்கு விடை மூன்றாம் பத்தியில் இருந்தால், மூன்றாம் கேள்விக்கு முதல் பத்தியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம் ஏழில் ஐந்து என்று ஒரு பகுதி உண்டு. ஐந்து இடம் காலியாக இருக்கும், ஏழு வாக்கியம் கொடுப்பார்கள், இரண்டு மிஞ்சும். நம்ம ஊர்த் தேர்வில் இல்லையே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள், பேங்க் எக்ஸாமில் பத்தியைக் கலைத்துப் போட்டுக் கேட்கிறார்களே, அதற்கு இது அச்சு அசலான பயிற்சி. கொடுத்த வாக்கியத்தில் "தே" இருந்தால் முந்தைய வரியில் பன்மையில் யாராவது இருந்தாகணும். "திஸ்" இருந்தால் எது என்று காட்டணும். தமிழில் யோசிக்கிற பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது, ஏனென்றால் அவன், அவர்கள், அது என்று வினைமுற்று வரைக்கும் பொருத்திப் பழகியவர்கள் நாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சீனப் பிள்ளைகளைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது. காவ்காவில் தப்பான ஆப்ஷனுக்கு மார்க் குறையாது, அதனால் எதையும் காலியாக விடாதே என்றுதான் அங்கே சொல்வார்கள். கியூட்டில் சரியானால் 5, தப்பானால் 1 போகும். நாலு ஆப்ஷனில் இரண்டை வரி காட்டி நீக்கிவிட்டீர்கள் என்றால் தயங்காமல் மிச்சத்தில் ஒன்றைப் போடலாம். பேங்க் எக்ஸாமில் கால் மார்க் போகும், ஆப்ஷன் ஐந்து. ஒன்றைக்கூட நீக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், ஐபிபிஎஸ் நடத்துகிற பேங்க் எக்ஸாமின் முதல் கட்டமான பிரிலிம்ஸில் இங்கிலீஷுக்குக் கிடைப்பது 20 நிமிடம்தான்.