பென்ஷன்காரியை யார் மிரட்டுவது? – சாட்ஸ்வர்த் நாட்குறிப்பு

ஜூலை 20, 2025

கோயிலில் ஆடிக் கூழ். தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் குளிர் ஒன்றும் பெரிய குளிரில்லை என்றாலும் காலையில் சால்வை இல்லாமல் நிற்க முடியவில்லை. வரிசையில் நிற்கும்போது கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் பக்கத்தில் வந்து, “ஆன்ட்டி, ஒரு விஷயம்” என்றாள்.

இளைஞர் பகுதியில் ஒரு நாவல். இரண்டு பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பும் கதை. யாரோ ஒரு தகப்பனார் வந்து சத்தம் போட்டிருக்கிறார். மறுநாள் மேலே இருந்து போன் வந்தது, புத்தகம் பின்னறைக்குப் போய்விட்டது. கடிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கணினியில் மட்டும் ‘பழுதுபார்க்க’ என்று காட்டுகிறதாம்.

அவள் ஒப்பந்த ஊழியர். டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும். “நான் பேசினா வேலை போயிடும் ஆன்ட்டி.” பேச வேண்டாம் என்றே சொன்னேன். நூலக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எனக்குத்தான் புதுப்பிக்க ஒன்றும் இல்லையே.

ஜூலை 21

தூக்கம் வரவில்லை. 1978-ல், நிறவெறி ஆட்சிக் காலத்தில், இந்தியருக்கான நூலகக் கிளையில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை நினைவுக்கு வந்தது. தடை செய்த நூல்களின் பட்டியல் அரசிதழில் வரும். அதை, தடை நூல்களைத் தொகுத்துத் தரும் ஜேக்கப்சன் அட்டவணையோடு வைத்து, ஸ்கேல் பிடித்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். நம்மிடம் இருப்பது அகப்பட்டால் முதலில் அலமாரி, அப்புறம் கார்டு. கேட்டலாக் டிராயரின் முன்னால் இருக்கும் பித்தளைக் குமிழைத் திருகி, கம்பியை உருவி, அந்த ஒரு கார்டை எடுத்துவிட்டு, திரும்பக் கம்பியைச் செருகிவிடுவோம். அவ்வளவுதான், அப்படி ஒரு புத்தகம் இருந்த சுவடே இருக்காது. சில நூல்களை விற்கக் கூடாது, சிலவற்றை வைத்திருந்தாலே குற்றம்.

அந்தக் காலத்தை நான் மெச்சவில்லை. ஆனாலும் 1974 வெளியீடுகள் சட்டத்தின் தடை அச்சில் வரும், தேதி இருக்கும், எதிர்த்து வாதாடலாம். எங்கள் நாட்டு எழுத்தாளர் நடீன் கோர்டிமரின் ‘பர்கர்ஸ் டாட்டர்’ நாவல் 1979-ல் தடையாகி, அதே ஆண்டிலேயே விடுபட்டது. போனில் வரும் தடையை எங்கே போய் எதிர்ப்பது?

ஜூலை 23

வேறு கிளையிலிருந்து நாவலை வரவழைத்துப் படித்தேன். சுமார்தான். நடுவில் நூறு பக்கம் வெட்டியிருக்கலாம். ஆனால் நூலகம் எனக்குப் பிடித்ததை மட்டும் வைக்கும் இடமில்லை. ஒரு புத்தகத்தை வாங்காமல் விடுவது நூலகரின் தேர்வு, வாங்கி வைத்ததை ஒருவர் சத்தம் போட்டதற்காக ஒளிப்பது வேறு. அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு கருத்தைச் சொல்லும் உரிமையோடு பெறும் உரிமையையும் தருகிறது.

தகவல் பெறும் சட்டத்தின் (2000) கீழ் மனு எழுதினேன். இந்தப் புத்தகத்தை எடுக்கச் சொன்ன முடிவு யாருடையது, எந்த ஆவணத்தில் இருக்கிறது? ஏன் கேட்கிறேன் என்று நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் 30 நாளில் பதில் தர வேண்டும். பெயரும் கையெழுத்தும் என்னுடையவை, அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் வராது.

ஜூலை 26

பழைய சகாக்கள் வீட்டுக்கு வந்தார்கள். டீ, மிளகாய் பஜ்ஜி, முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள். எல்லாம் முடிந்த பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

ஒருத்தி உடனே முகத்தைச் சுளித்தாள். “தடையை எதிர்த்து நின்னோம், சரி. அதெல்லாம் விடுதலைக்காக. இந்தக் கதைக்காகவா?” நான் 2001-ஐ நினைவுபடுத்தினேன். கௌடெங் மாகாணப் பள்ளிகளில் வேண்டாம் என்று ஒரு குழு பரிந்துரைத்தது அதே கோர்டிமரின் ‘ஜூலைஸ் பீப்பிள்’ நாவலைத்தான். நிறவெறி அரசு போன பிறகு நடந்தது அது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை, பஜ்ஜியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

2011 நவம்பரில் அரசு ரகசியங்கள் மசோதா நாடாளுமன்றக் கீழவையில் நிறைவேறிய ‘கறுப்புச் செவ்வாய்’ பற்றியும் பேச்சு வந்தது. அன்று நாங்கள் எல்லோருமே சம்பளக்காரர்கள். கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு கவுன்டரில் உட்கார்ந்ததுதான் அதிகபட்சம். இப்போது கவுன்சில் கூட்டத்தில் எழுந்து பேசலாம், பத்திரிகைக்குப் பெயர் போட்டு எழுதலாம். பென்ஷனை நிறுத்தவா போகிறார்கள்?

ஆகஸ்ட் 2

கல்யாண வீட்டில் அந்தத் தகப்பனாரே வந்து பேசினார். இவருடைய அண்ணன் என்னோடு படித்தவர். “அக்கா, புத்தகத்தை எடுங்கன்னு நான் சொல்லவே இல்ல. என் பொண்ணுக்குக் குடுக்காதீங்கன்னுதான் சொன்னேன்.” தன் பிள்ளை விஷயத்தில் அவருக்குப் பேச உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மகள் என்ன எடுத்தாள் என்று எப்படித் தெரிந்தது? கவுன்டரில் கேட்டாராம், அச்செடுத்தே கொடுத்தார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசகர் எடுத்த நூல்களின் பட்டியலை வீட்டாருக்குக்கூடச் சும்மா நீட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பதினாறு வயதுப் பெண் இனி நூலகத்துக்கு வருவாளா?

ஆகஸ்ட் 9

மகளிர் தின விடுமுறை. ஒன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 19

பதில் வந்துவிட்டது: ‘மேற்படி நூல் தொடர்பாக எழுத்துப்பூர்வ முடிவு எதுவும் இல்லை.’ இந்த ஒரு வரி போதும். முடிவே இல்லையென்றால் புத்தகம் ஏன் பின்னறையில் இருக்கிறது என்று கடிதத்தோடு நேரில் போய்க் கேட்டேன். அதிகாரி நல்ல மனிதர்தான், வம்பு வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். மாலைக்குள் கணினியில் ‘பழுதுபார்க்க’ போய், ‘அலமாரியில்’ வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு ஸ்மைலி மட்டும் அனுப்பினாள்.

ஆகஸ்ட் 23

அடுத்த புகார் வரும், நிச்சயம். அதற்கு முன்னால் ஒரு பக்கத்தில் நடைமுறை எழுதிக் கொடுக்கிறோம் என்றேன், அதிகாரி சரி என்றார். புகார் எழுத்தில் வர வேண்டும். விசாரணை முடியும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்க வேண்டும். முடிவு காரணத்தோடு பதிவாக வேண்டும். வாசகர் பட்டியல் யாருக்கும் கிடையாது.

முகம் சுளித்தவளும் வந்து உட்கார்ந்தாள். நாவல் இன்னும் பிடிக்கவில்லையாம், பட்டியலை அச்செடுத்துக் கொடுத்ததுதான் அவளைக் கிளப்பிவிட்டது. ‘நூலை முழுவதும் படித்தீர்களா?’ என்ற கேள்வி படிவத்தின் உச்சியில் இருக்க வேண்டும் என்கிறேன் நான். பெயர், முகவரிதான் முதலில் என்கிறாள் அவள். செவ்வாய்க்கிழமை மறுபடி உட்கார வேண்டும்.